தரிசு என்னும் சொல்லும் ராமநாதபுரத்துப் பல்லியும்

தமிழில் பல்லியைப் பற்றி அச்சேறியவற்றுள் அதிகம் பேர் வாசித்தது எது என்று கேட்டால், பஞ்சாங்கத்தில் வரும் பல்லி விழும் பலன் என்றே சொல்லத் தோன்றுகிறது. தலையில் விழுந்தால் இன்னது, வலத்தோளில் விழுந்தால் இன்னது, இடக்காலில் விழுந்தால் இன்னது என்று நீளும் அந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் பார்த்தால் ஒன்று விளங்கும். அதில் உறுப்பு உறுப்பாகப் பகுக்கப்பட்டிருப்பது மனித உடல். பல்லி ஒன்றே ஒன்றுதான். எந்தப் பல்லி விழுந்தது என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை.

எந்தப் பல்லி என்று கேட்பது விலங்கியலாளரின் வேலை, இலக்கிய வாசகருக்கு அதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு நிலத்தை எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பது அந்த நிலத்துக்கு அடுத்து என்ன நேரும் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. அந்தச் சொல்லைச் சரிபார்க்க வேண்டுமானால் அங்கே யார் வாழ்கிறார்கள் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ராமநாதபுரத்து வறண்ட மண்ணில் வாழும் ஒரு சிறிய பல்லியின் பெயர் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர் நெல்சன் அன்னண்டேல். 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரானவரும் அவரே. 1906-இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்தியாவின் ஒரு பாலைநிலப் பகுதியின் விலங்குகளைப் பற்றிய குறிப்புகள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அவர் பாலைநிலம் என்று குறித்தது ராமநாதபுரச் சீமையை. அதே கட்டுரையில் வடமேற்கு எல்லைப்புறப் பாலைவனத்தின் ஊர்வனவற்றைப் பற்றியும் அவர் பேசுகிறார். ஆக, ராமநாதபுரத்தை எழுதும்போது அவர் மனத்தில் தொலைவிலிருந்த இன்னொரு வறள்நிலமும் இருந்திருக்கிறது.

அந்தக் கட்டுரையில் அறிவிக்கப்பட்ட புதிய இனம்தான் நம் பல்லி. அதற்கு அவர் இட்ட பெயர் டெரட்டோலெபிஸ் ஸ்காப்ரிசெப்ஸ். பின்பாதிக்குச் சொரசொரத்த தலையுடையது என்று பொருள். முன்பாதி பேரினத்தின் பெயர். டெரட்டோலெபிஸ் என்றால் விந்தையான செதில் கொண்டது. 1869-இல் ஆல்பர்ட் குந்தர் அந்தப் பேரினத்தை உருவாக்கியது சிந்துப் பகுதியின் பாலைவனப் பல்லி ஒன்றுக்காக. அந்தப் பல்லியின் முதுகுச் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வாலோ நடுவில் பருத்துப் பெரிய செதில்களால் மூடப்பட்டிருக்கும். ராமநாதபுரத்துப் பல்லியின் செதில்களும் அவ்வாறே ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வறள்நிலங்கள், ஒன்றுபோன்ற செதில் கொண்ட இரண்டு பல்லிகள். இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தது இயல்பான முடிவாகவே அன்று தோன்றியிருக்கும்.

முடிவு நிலைக்கவில்லை. 1934-இல் மால்கம் ஸ்மித்தும் கொழும்பு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பி. இ. பி. தெரணியகலையும் இந்தப் பல்லியை டெரட்டோலெபிஸிலிருந்து பிரித்து, லோஃபோஃபோலிஸ் என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள். இலங்கையின் வடமேற்குக் கரையோர வறள்நிலத்திலும் இதே பல்லி வாழ்வதால் கொழும்புக்கும் இதில் அக்கறை இருந்தது. பின்வந்தவர்கள் அந்தத் தனிப் பேரினமும் தேவையில்லை என்று கண்டு, இதை ஹெமிடாக்டைலஸில் சேர்த்தார்கள். நம் வீட்டுச் சுவரில் விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லியும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஹெமிடாக்டைலஸ் என்றால் அரைவிரல். இப்பேரினத்துப் பல்லிகளின் விரலடியைக் கவிழ்த்துப் பார்த்தால், குறுக்காக அடுக்கிய மெல்லிய தட்டுகள் நடுவில் பிளவுபட்டு இரண்டு வரிசையாக இருப்பது தெரியும். பாலைநிலத்துப் புதிர் என்று அறிமுகமான உயிர், கடைசியில் நம் வீட்டுப் பல்லியின் உறவுக்காரராக முடிந்தது.

கதை இதோடும் நிற்கவில்லை. 2008-இல் ஆரன் பாவர், வரத் கிரி முதலான ஆய்வாளர்கள் சிந்துப் பல்லியின் மரபணுவை ஆராய்ந்தார்கள். அதுவும் ஹெமிடாக்டைலஸ் கிளைக்குள்தான் அமைகிறது என்று தெரிந்தது. டெரட்டோலெபிஸ் என்னும் பேரினமே கரைந்துபோயிற்று. அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. சிந்துப் பல்லியின் இனப்பெயர் ஃபேசியாட்டா. ஆனால் ஹெமிடாக்டைலஸ் ஃபேசியாட்டஸ் என்ற பெயரை ஜான் எட்வர்ட் கிரே 1842-இலேயே ஓர் ஆப்பிரிக்கப் பல்லிக்குக் கொடுத்திருந்தார். ஒரு பேரினத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு இனங்கள் இருக்க விதி இடம் தராது. எனவே சிந்துப் பல்லி ஹெமிடாக்டைலஸ் இம்ப்ரிகேட்டஸ் என்று புதுப்பெயர் பெற்றது. படிந்த செதில் கொண்டது என்று பொருள்.

1906-இல் ஒரே பேரினத்தில் இருந்த இரண்டு பல்லிகளும் 1934-இல் பிரிந்து, 2008-இல் மறுபடி ஒரே பேரினத்துக்குள் வந்து சேர்ந்தன. அன்னண்டேல் சரியாகத்தான் சொன்னார் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஹெமிடாக்டைலஸ் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்குடும்பம். செதில் ஒன்றுபோல் இருப்பதால் மட்டும் இரண்டு இனங்கள் உடன்பிறப்புகள் ஆகிவிடமாட்டா. ஒரே வகையான வாழ்க்கை வெவ்வேறு கிளைகளில் ஒரே வகையான உடலை உருவாக்கக்கூடும்.

நமக்கு இந்த வரலாற்றில் வியப்பளிப்பது அதன் ஒழுங்குதான். விலங்கியலில் இந்தப் பல்லியின் பெயரை இன்று முழுமையாக எழுதும்போது அன்னண்டேல் பெயரையும் 1906 என்ற ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடுகிறார்கள். அந்த அடைப்புக்குறிக்கு ஒரு பொருள் உண்டு. இனத்தை முதலில் இனங்கண்டவர் இவர், ஆனால் இவர் வைத்த பேரினத்தில் இது இன்று இல்லை என்பதை அது சொல்கிறது. ஒரு திருத்தத்தின் வரலாறு முழுவதும் இரண்டு வளைகோடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. பாடபேதங்களைப் பக்கத்தின் அடியில் குறித்துவைத்த நம் பதிப்பாசிரியர்களின் மரபை அறிந்தவர்களுக்கு இது அந்நியமான பழக்கமாகத் தோன்றாது. வகைமாதிரியாக அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் முதல் உடல், பதிப்பாசிரியருக்கு மூலச்சுவடி எப்படியோ அப்படி. ஐயம் வரும்போதெல்லாம் அங்கே திரும்பிச் சென்று விரலடித் தட்டுகளை எண்ண வேண்டும், உதட்டுச் செதில்களை எண்ண வேண்டும், ஆண் பல்லியின் தொடையடியில் உள்ள துளைகளை எண்ண வேண்டும். இன்று அதனோடு மரபணு வரிசையையும் ஒப்பிடுகிறார்கள். அடிப்படையில் இது கூர்ந்து வாசிக்கிற வேலைதான்.

*

அப்படிக் கூர்ந்து வாசிக்கிற பழக்கம் நம்மிடம் ஒரு காலத்தில் பல்லி வரை எட்டியிருந்தது. குறுந்தொகையின் 16-ஆம் பாட்டு பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியது. கள்ளி மண்டிய காட்டில், கால் சிவந்த பல்லி ஒன்று தன் துணையை அழைக்கிறது. அந்த ஒலி, வழிப்பறி செய்கிறவர்கள் அம்பின் முனையை நகத்தில் வைத்துப் புரட்டிப் பார்க்கும்போது எழும் ஒலியைப் போன்றிருக்கிறது. அதைக் கேட்டபிறகும் பிரிந்து சென்றவர் நம்மை நினைக்கமாட்டாரா என்பது பாட்டின் கேள்வி.

இந்தப் பாட்டின் உவமைநயம் பலமுறை பேசப்பட்டுவிட்டது. நாம் கவனிக்க விரும்புவது அதிலுள்ள தகவல்களை. பல்லிக்குக் கால் நிறம் சொல்லப்படுகிறது. அது இருக்கும் செடி சொல்லப்படுகிறது. எழுப்பும் ஒலி எத்தகையது, எதற்காக எழுப்புகிறது என்பதும் சொல்லப்படுகிறது. பல்லிகள் ஒலியெழுப்பித் தம் இனத்தோடு தொடர்புகொள்வதை இன்றைய அறிவியலும் உறுதிசெய்கிறது. சகுனம் பார்க்கிற பல்லியும் சங்கப் பாடல்களில் உண்டு. ஆனால் இந்தப் பாட்டில் பல்லி யாருக்கும் பலன் சொல்லவில்லை. தன் இடத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பஞ்சாங்கப் பட்டியலுக்கு வந்துசேர்ந்தபோது அதன் கால் நிறமும் கள்ளியும் துணையும் உதிர்ந்துபோய், விழுவது ஒன்றே அதன் தொழிலாக மீந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்திணையில் பாலைக்குத் தெய்வம் உண்டு, மக்கள் உண்டு, மரம் உண்டு, விலங்கு உண்டு, பறை உண்டு, பண் உண்டு. கருப்பொருள் என்று இலக்கணம் தொகுத்தது ஒருவகையில் அந்நிலத்தின் இருப்புக் கணக்கு. மிக வறண்ட நிலத்துக்கும் அந்தக் கணக்கு எழுதப்பட்டது. பாலையில் ஒன்றுமில்லை என்று நம் மரபு சொல்லவில்லை.

ஒன்றுமில்லை என்ற கணக்கை எழுதியது வேறொரு வகைப்பாடு. வரி வராத நிலம் பயனற்ற நிலம் என்ற வருவாய்த்துறைப் பார்வை காலனி ஆட்சியில் வேரூன்றியது. இன்று அதைச் செயற்கைக்கோள் படங்கள் செய்கின்றன. இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு 2000-இல் முதலில் வெளியாயிற்று. 2019-இலும் அதன் ஒரு பதிப்பு வந்திருக்கிறது. அதில் தரிசு என்ற தலைப்பின்கீழ் வரும் வகைகளைப் பாருங்கள். கடலோர மணற்பரப்பு தரிசு. பாறை தெரியும் நிலம் தரிசு. புதர் மண்டிய நிலம் தரிசு. மழைநீர் அரித்து ஓடையாகப் பிளந்த நிலமும் தரிசு. இந்தப் பட்டியலை ஊர்வன ஆய்வாளர் ஒருவரிடம் கொடுத்தால், வறள்நிலப் பல்லிகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியலாக அதை எடுத்துக்கொள்வார்.

ஒரே நிலத்தின்மேல் இப்படி இரண்டு வகைப்பாடுகள் நடக்கின்றன. ஒன்று உயிரை எண்ணுகிறது, ஐயம் வந்தால் திருத்திக்கொள்கிறது, திருத்தியதையும் பதிந்துவைக்கிறது. மற்றது வானத்திலிருந்து பார்த்துப் பச்சை இல்லாத இடமெல்லாம் வெற்றிடம் என்கிறது. திட்டங்களும் பணமும் இரண்டாவதன் பின்னால்தான் செல்கின்றன என்பதே நம் கவலை.

*

நாம் புழங்கும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பொம்மையார்பாளையத்தைக் கடந்துபோகிறவர்கள் அதன் ஆதீன மடத்தையும் கடற்கரையையும் அறிவார்கள். ஊருக்கு மேற்கே ஆரோவில் பக்கமாக உயரும் செம்மண் மேட்டில் மழைநீர் அறுத்த பள்ளங்கள் இருக்கின்றன. கடலூர் மணற்பாறை என்று புவியியலாளர் குறிக்கும் படிவத்தைச் சேர்ந்த மண் அது. வானூர் வட்டத்தின் திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடைப்பதும் இந்தப் படிவத்தில்தான். ஊரின் கிழக்கே, புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980-களில் எழுந்தபின், கடல் கரையை அரித்துவருகிறது. மேற்கே மழை மேட்டை அரிக்கிறது. இடையில் கடலோர மனைகளின் விலை ஏறிக்கொண்டிருக்கிறது.

செம்மண் பள்ளங்களைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு விதமான எண்ணம் வருகிறது. ஒருவருக்கு அது படப்பிடிப்புக்கு ஏற்ற இடம். மற்றவருக்கு அது நிரப்பவேண்டிய குழி. இரண்டிலும் அது வெற்றிடம்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்தப் பள்ளங்கள் இயற்கையின் கொடை அல்லவே, காடு அழிந்ததால் மண்ணுக்கு நேர்ந்த காயமல்லவா, மரம் நட்டு ஆற்றவேண்டிய காயத்தைப் போய்ப் பாலை என்று கொண்டாடுவதா என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை இருக்கிறது. 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேடு பெரும்பாலும் மொட்டையாக இருந்தது. வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தி, இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை அங்கே வளர்த்தெடுத்தது மதிக்கத்தக்க உழைப்பு. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் பாலை என்பதன் இலக்கணமே இங்கே உதவிக்கு வருகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை ஆகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலை ஒரு நிலையின் பெயர். அந்த நிலை எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. வந்தபின் அங்கே யார் குடியேறினார்கள் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரிந்ததாலேயே இரண்டாவதைக் கேட்காமல் விடுவது சரியாகாது. காயம்தான் என்று முடிவுசெய்து ஆற்றத் தொடங்கும் முன்னால், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இரவில் விளக்கோடு நடந்து பார்த்திருக்க வேண்டும். கரையான் புற்றை, பாறை இடுக்கை, கள்ளிப் புதரைப் பார்த்திருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் நம் கடற்கரை மணல்மேடுகளில் சவுக்கு நட்டபோது, அந்த மணலில் ஏற்கெனவே என்ன வாழ்கிறது என்ற கேள்வி எத்தனை இடங்களில் கேட்கப்பட்டிருக்கும்?

பெயரிட்டால் ஆபத்தும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிந்துப் பல்லி இன்று வெளிநாடுகளில் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கப்படும் செல்லப்பிராணி. அரிய உயிர் இன்ன ஊரில் இருக்கிறது என்று அறிவித்தால் பிடித்து விற்கவும் ஆட்கள் வருவார்கள். ஆயினும் பெயர் தெரியாத உயிரைக் காப்பதற்கு எந்தச் சட்டமும் உதவாது. பட்டியலில் இல்லாத ஒன்றின் அழிவு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

நம்பிக்கை தரும் செய்திகளும் இருக்கின்றன. கரையான் புற்றுகளில் தங்கும் ஹெமிடாக்டைலஸ் ட்ரைஎட்ரஸ் என்ற பல்லி 1802-லிருந்து அறிவியலுக்குத் தெரிந்தது. 2018-இல் ஜீஷான் மிர்சாவும் உடன் ஆய்வாளர்களும் அதை மறுபடி ஆராய்ந்து, ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்த இன்னொரு இனத்தைப் பிரித்து, ரோமுலஸ் விட்டேக்கரின் பெயரை அதற்கு இட்டார்கள். அதே ஆண்டு மேகமலையிலிருந்து அறிவிக்கப்பட்ட ஒரு பல்லிக்கு வனம் என்ற தமிழ்வழக்குச் சொல்லே இனப்பெயராயிற்று. 1875 முதல் ஒரே ஒரு இனம் மட்டுமே அறியப்பட்டிருந்த திராவிடோகெக்கோ பேரினத்தில் 2019-இல் ஒரே கட்டுரையில் ஆறு புதிய இனங்கள் சேர்ந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் தொல்பள்ளி என்று தவறாக வாசிக்கப்படக்கூடாது. தொல்பல்லி என்ற தமிழ்ச் சொல்தான் அது, லத்தீன் எழுத்தில்.

இவற்றுள் பல மலைக்காட்டு இனங்கள். மலையையும் மழைக்காட்டையும் தேடிப்போக நாம் ஓரளவு பழகிவிட்டோம். அதனாலேயே 2023-இல் வெளியான அறிவிப்பை மற்றவற்றைவிட முக்கியமாகக் கருதுகிறோம். சூர்யா நாராயணன் முதலானோர் தூத்துக்குடி வட்டாரத்தின் வறண்ட நிலத்திலிருந்து ஹெமிடாக்டைலஸ் குவார்ட்சைட்டிகோலஸ் என்ற புதிய இனத்தை அறிவித்தார்கள். குவார்ட்சைட் பாறையில் வாழ்வது என்று பொருள். வரைபடத் தொகுப்பின் சொல்லில் பாறைத் தரிசு என்று வருகிற வகை நிலம் அது. அந்தச் சொல்லை அந்தப் பல்லியின் பெயரே மறுத்துவிட்டது.

இலக்கியம் எழுதுகிறவர்களிடமும் வாசிக்கிறவர்களிடமும் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. நம் கதைகளிலும் கட்டுரைகளிலும் மொட்டைக்காடு, வெற்றுநிலம், பாழ்வெளி போன்ற சொற்கள் கை தானாக எழுதும் சொற்களாகிவிட்டன. கரிசலுக்கும் நெய்தலுக்கும் தனி எழுத்தே உருவான மொழியில், தேரிக்கும் உவர்மணலுக்கும் செம்மண் பள்ளத்துக்கும் அந்தக் கவனம் போதுமான அளவு கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அங்கே போகிற எழுத்தாளர் அவ்வூரில் ஆடு மேய்க்கிறவரிடமும், வானூர், திண்டிவனம் பக்கத்து இருளரைப் போலப் புற்றும் பொந்தும் அறிந்தவர்களிடமும் கேட்டு, இரண்டு உயிர்களின் பெயரையாவது தெரிந்துகொண்டு திரும்பலாம். பல்லி என்று எழுதும்போது எந்தப் பல்லி என்று தமக்குத்தாமே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். பெருங்கடுங்கோவுக்கு அதன் கால் நிறம் தெரிந்திருந்தது.